பஸ் சரி, ரயில் சரி, மாறுகிற இடம்தான் சரியில்லை: கிழக்குத் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஒரு மாதம்

2025 நவம்பர் மாதம் முழுக்க டூவீலரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வர பஸ், ரயில் இரண்டு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன். வீடு கிழக்குத் தாம்பரம் பக்கம், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு நகர். வேலை கிண்டி தொழிற்பேட்டையில். அக்டோபர் மழையில் ஒரு நாள் வண்டி சறுக்கி விழுந்து கையில் தையல் போட்டதிலிருந்து வீட்டில் ஒரே சண்டை, "ஒரு மாசமாவது பஸ்ல போயேன்" என்று. சரி என்று ஆரம்பித்தேன். இப்போது இதை எழுதுவதற்குக் காரணம், தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் புதிதாக வீடு பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்கிருந்து பஸ் வசதி எப்படி?" அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நிறைய இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் போகிற மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. அப்போது மீட்டர் கேஜ், இப்போது அகலப் பாதை, ஆனால் வேலை அதேதான்: புறநகரில் தூங்குகிறவர்களை நகரத்துக்குள் கொண்டுபோய் இறக்குவது. காலை நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி. கிண்டிக்கு டிக்கெட் 5 ரூபாய். திரும்பவும் சொல்கிறேன், 5 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில், நெரிசலில் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை பிரேக்கிலும் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி சாலையில் ஊர்ந்த தூரத்தை, ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு 5 ரூபாயில் கடக்கலாம். இதற்கு ஐந்துக்கு ஐந்து. கூட்டம் இருக்கும்தான், குரோம்பேட்டை, பல்லாவரம் வந்தால் கையை அசைக்க இடம் இருக்காது, ஆனாலும் தாம்பரத்தில் ஏறுகிறவனுக்கு உட்கார இடம் கிடைக்கிற வாய்ப்பு எப்போதும் உண்டு, அது புறநகர்க்காரனுக்குக் கிடைக்கிற ஒரு சின்ன சலுகை.

கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. 2016-லிருந்து அங்கே மெட்ரோ நிற்கிறது. ரயிலிலிருந்து இறங்கி மெட்ரோவுக்குப் போகிறவர்கள் ஆட்டோக்காரர் யாரையும் பார்க்கத் தேவையில்லை. பரங்கிமலையிலும் அப்படித்தான். இந்த இரண்டு இடங்களையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அடுத்து சிற்றுந்து. 2013 அக்டோபரில் சென்னையில் இந்தச் சின்ன பஸ்களை விட்டபோது, எங்கள் மாதிரி உள்ளடங்கின நகர்களுக்கு அது பெரிய விஷயம். பெரிய பஸ் எங்கள் தெருக்களில் திரும்பவே முடியாது. ஒரு முனையில் டிரான்ஸ்பார்மர், எதிரே யாரோ நிறுத்தி வைத்த கார், நடுவே மெட்ரோ வாட்டருக்குத் தோண்டின பள்ளம். சிற்றுந்து அதற்குள்ளும் வருகிறது. எங்கள் வண்டியின் கண்டக்டர் அந்த முனை வந்தால் கீழே இறங்கிவிடுவார். பின்னால் நின்று வண்டியின் தகரத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே "வா வா வா... ஹோல்டான்!" என்பார், டிரைவர் ஒரு சாண் இடைவெளியில் டிரான்ஸ்பார்மரைத் தாண்டுவார், கண்டக்டர் ஓடி வந்து ஏறிக்கொண்டு "ரைட்" என்பார். தினமும் காலையில் இது நடக்கிறது. தினமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தகும்.

வண்டிக்குள் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தாலே அந்த வழித்தடம் எவ்வளவு தேவை என்பது புரியும். கீரைக் கூடையோடு ஒரு ஆயா, கூடையை எப்போதும் எஞ்சின் பக்கத்து மேடை மேல்தான் வைப்பார். மாநகராட்சிப் பள்ளிக்குப் போகும் இரண்டு பசங்கள். வீட்டு வேலைக்குப் போகிற நான்கைந்து அக்காக்கள், அவர்கள் பேச்சில்தான் நகரின் எல்லா செய்தியும் தெரியும். அப்புறம் என்னைப் போல ரயில் பிடிக்கிறவர்கள். கார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த பஸ் ஓடுகிறதா என்பதுகூடத் தெரியாது. இது இல்லாவிட்டால் அந்த ஆயா கேம்ப் ரோடு வரை கூடையைத் தலையில் சுமந்து நடப்பார், அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அவருக்கு அது சாதாரண வித்தியாசம் இல்லை.

செலவுக் கணக்கு: எனக்கு ஒரு வழிக்கு 15 ரூபாய்க்குள் முடிந்தது. சாதா கட்டண பஸ் 5 ரூபாயில் ஆரம்பிக்கிறது. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதா கட்டண பஸ்ஸில் டிக்கெட்டே இல்லை, அதனால் என் மனைவி இதே வழியில் போனால் ரயிலுக்கு மட்டும்தான் காசு. பஸ்ஸிலேயே ஊர் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு 1000 ரூபாய் மாத பாஸ் இருக்கிறது, ஏ.சி. பஸ்ஸையும் சேர்த்து வேண்டுமென்றால் 2025-ல் வந்த 2000 ரூபாய் பாஸ். விலையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் பிரச்சினை எங்கே?

மாறுகிற இடத்தில். சிற்றுந்திலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து சிற்றுந்துக்கு. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தையும் வெளியே நின்ற நேரத்தையும் முதல் வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தேன். ரயிலில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது, கிண்டி வந்துவிடும். சிற்றுந்தில் பதினைந்து நிமிடம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து வேலை செய்யும் இடத்து வாசல் வரை நல்ல நாளில் ஒரு மணி பத்து நிமிடம், மோசமான நாளில் ஒன்றே முக்கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது என்று பார்த்தால் நிற்பதில், பார்ப்பதில், "வருமா வராதா" என்று யோசிப்பதில் போயிருக்கிறது.

காத்திருப்பதுகூட எனக்குப் பெரிய கஷ்டமில்லை. இருபது நிமிடம் கழித்து வண்டி கண்டிப்பாக வரும் என்று தெரிந்தால் ஒரு டீ குடித்துவிட்டு நிற்கலாம். தெரியாமல் நிற்பதுதான் கஷ்டம். பத்து நிமிடத்திலும் வரலாம், ஐம்பது நிமிடத்திலும் வரலாம் என்றால், மனுஷன் ஐம்பது நிமிடத்துக்குத் தயாராகத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் இப்படி இருந்தால் எட்டாவது நாள் வண்டி சாவியை எடுத்துவிடுவான். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு டூவீலர் நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

எங்கள் ஸ்டாப்பில் நேரப் பலகை கிடையாது. முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, நடுவே எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, எதுவும் எழுதியிருக்காது. தகவல் எல்லாம் எதிரே இருக்கிற டீக்கடை அண்ணனிடம்தான். அவர் கடையைத் திறக்காத அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு தகரப் பலகையில் நான்கு வரி பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்? இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

நிழற்குடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நன்றாகக் கட்டின ஸ்டீல் நிழற்குடை, உட்கார இருக்கை, மேலே விளம்பரம். ஆனால் பஸ் அங்கே நிற்பதில்லை. அது முன்னால் ஒரு முப்பது நாற்பது அடி தள்ளி, வேகத்தடையைத் தாண்டித்தான் நிற்கும், ஏனென்றால் நிழற்குடைக்கு எதிரே ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கின்றன. அதனால் மழை பெய்தால் நாங்கள் எல்லாரும் நிழற்குடையில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்போம், வண்டி தலை தெரிந்ததும் குடையைக்கூட விரிக்காமல் தேங்கின தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடுவோம். கீரை ஆயா ஓட மாட்டார். அவர் மழையிலேயே முன்னால் போய் நின்றுகொள்வார், பிளாஸ்டிக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு. கார்த்திகை மழையில் அவர் அப்படி நின்றதைப் பார்த்த பிறகு நிழற்குடை எந்த இடத்தில் கட்டப்படுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த ஷேர் ஆட்டோக்காரர்களைத் திட்ட எனக்கு இஷ்டமில்லை. உண்மையைச் சொன்னால், புறநகரில் ரயிலையும் தெருவையும் சேர்க்கிற வேலையை இத்தனை வருஷமாகச் செய்து வருவது அவர்கள்தான். தாம்பரம் கிழக்குப் பக்க வாசலில் சாயங்காலம் ஏழு மணிக்கு நின்று பாருங்கள். கடற்கரை வண்டி பிளாட்பாரத்துக்குள் வருகிற சத்தம் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுகிறார்கள். கூட்டம் படி இறங்கி வருவதற்குள் "கேம்ப் ரோடு, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் ஏறு ஏறு!" என்று குரல் தயார். யாரும் அவர்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை. ரயில்தான் அவர்களுடைய அட்டவணை. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடுவே செய்ய வேண்டியது இதேதான்: ரயில் வந்து நான்கைந்து நிமிடத்தில் சிற்றுந்து கிளம்ப வேண்டும். ரயில் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கிளம்பினால், அந்த வண்டி யாருக்காக ஓடுகிறது?

ஒரு மாதத்தில் நான் பார்த்ததில் அடிக்கடி நடந்தது அதுதான். படிக்கட்டில் இறங்கும்போது வண்டி திரும்பிப் போவதன் பின்பக்கம் தெரியும். உள்ளே பாதி இருக்கைகள் காலி. வெளியே நாற்பது பேர்.

நவம்பர் மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி. வேலை முடிய நேரமாகிவிட்டது, தாம்பரத்தில் இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால். ஸ்டாப்பில் நான், ஒரு பெரியவர், எக்ஸ்போர்ட் கம்பெனி ஐ.டி. கார்டு போட்ட ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். அரை மணி நேரம் நின்றோம். எந்தப் பலகையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கடைசியில் பக்கத்து பழக்கடைக்காரர் தார்ப்பாயை மூடிக்கொண்டே சொன்னார், "உள்ள போற சின்ன வண்டி அப்பவே போயிடுச்சு சார். இனிமே காலைலதான்." பெரியவர் ஒன்றும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் போனை எடுத்து, "அப்பா, தூங்கிட்டீங்களா? வண்டி எடுத்துட்டு வர்றீங்களா?" என்றாள். மறுமுனையில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஆனால் அவள் "இல்லப்பா, கால் வலிச்சா வேணாம், நான் ஆட்டோல வந்துடறேன்" என்றாள். அப்புறம் ஆட்டோவுக்கு எவ்வளவு என்று விசாரித்தாள். 150 என்றார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை பஸ்ஸிலும் ரயிலிலும் அவள் மிச்சம் பிடித்ததெல்லாம் கடைசி மூன்று கிலோமீட்டரில் போய்விட்டது. நான், அவள், வழியில் ஏற்றிக்கொண்ட அந்தப் பெரியவர் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் பங்கு போட்டுப் போனோம், அது வேறு விஷயம். ஆனால் தினமும் பங்கு போட ஆள் கிடைக்காது.

கடைசி ரயில் நள்ளிரவு வரை வந்துகொண்டிருக்கிறது, கடைசி சின்ன பஸ் ஒன்பதரைக்கு முன்னாலேயே போய்விடுகிறது என்றால் அந்த இரண்டும் ஒரே பயணத்தின் இரண்டு பாதி என்று யாரும் யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ராத்திரி பத்தரைக்கு ஒன்று, பதினொன்றேகாலுக்கு ஒன்று, இரண்டே இரண்டு நடை கூடுதலாக விட்டால் போதும். பாதி காலியாக ஓடினாலும் பரவாயில்லை. அந்த வண்டி இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் காலையில் டூவீலரை எடுக்காமல் கிளம்ப முடியும். கடைசி வண்டியில் நாலு பேர்தான் வருகிறார்கள் என்று அதை நிறுத்தினால், காலை வண்டியில் வந்துகொண்டிருந்த நாற்பது பேரில் எத்தனை பேர் சேர்ந்து குறைவார்கள் என்பது எந்த டிக்கெட் கணக்கிலும் தெரியாது.

என் அம்மாவோடு இதைப் பற்றி ஒரு வாதம் நடந்தது, அதையும் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. "மாறவே வேணாம்டா, ஒரே வண்டில போற மாதிரி விடணும். அந்தக் காலத்துல 21ஜி-ல ஏறினா தாம்பரத்துலேர்ந்து பிராட்வே வரைக்கும் உக்காந்தே போவேன்" என்கிறார். முட்டி வலி உள்ளவருக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு படிக்கட்டு, ஒரு ஓட்டம், கையில் இருக்கிற பையை இன்னொரு தடவை தூக்குவது. அவருக்கு ஒரே பஸ்தான் நல்ல பஸ்.

ஆனால் நீள வழித்தடத்துக்கு ஒரு நோய் உண்டு, சென்னையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த எல்லாருக்கும் அது தெரியும். நாற்பது நிமிடம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே நம்பரில் இரண்டு மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்வதில்லை இது. முதல் வண்டி சிக்னலில் கொஞ்சம் தாமதமாகிறது, அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்கிறது, கூட்டத்தை ஏற்ற இன்னும் தாமதம், பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே இல்லாததால் அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. வழித்தடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு இது நடக்கும். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகப் போகிற 95, 99 மாதிரி வண்டிகள் மேடவாக்கம் கூட்ரோட்டில் மாட்டினால் அந்தத் தாமதம் கடைசி ஸ்டாப் வரைக்கும் கூடவே வரும். அதைச் சரிக்கட்டத்தான் நடுவழியில் "கட் சர்வீஸ்" போர்டு மாட்டித் திருப்பிவிடுகிறார்கள். ஏறினவர்களை எல்லாம் இறக்கிவிடும்போது வருகிற கோபம் இருக்கிறதே!

அதனால் என் கருத்து இது: ரயில் ஓடுகிற திசையில் ரயிலோடு போட்டி போடுகிற நீளமான பஸ்ஸை விட, ரயிலுக்குக் கொண்டுவந்து விடுகிற குட்டையான, அடிக்கடி வருகிற பஸ்கள் புறநகருக்கு அதிகம் உதவும். ஆனால் மாறச் சொன்னால் மாறுவது சுலபமாக இருக்க வேண்டும். அம்மாவின் முட்டியை மறந்துவிட்டு மாறச் சொல்லக் கூடாது. ரயில் நிலையப் படிக்கட்டுக்கு நேர் எதிரே பஸ் நிற்கட்டும், மேலே கூரை இருக்கட்டும், நடுவே குறுக்கே ஓடிக் கடக்கிற சாலை இல்லாமல் இருக்கட்டும். அப்போது அம்மாவும் மாறுவார்.

ரயில் இல்லாத திசை வேறு கதை. தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போக நேர் பஸ் கண்டிப்பாக வேண்டும், அங்கே பஸ்தான் ரயில்.

இந்த விஷயத்தில் எல்லாரும் பார்த்த ஒரு உதாரணம் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்தார்கள். 88 ஏக்கர், கிட்டத்தட்ட 394 கோடி ரூபாய். கட்டடத்தைக் குறை சொல்லவே முடியாது, விசாலம், வெளிச்சம், உட்கார இடம். வெளியூர் பஸ் நிற்கிற இடமும் சிட்டி பஸ் நிற்கிற இடமும் ஒரே வளாகத்துக்குள் வைத்திருப்பது மிக நல்ல யோசனை. ஆனால் ரயில் தண்டவாளம் ஜி.எஸ்.டி சாலைக்கு எதிர்ப்பக்கத்திலேயே ஓடுகிறது, அங்கே ரயில் நிலையம் இல்லாமலேயே திறந்தார்கள். ஒரு பக்கம் வண்டலூர், இன்னொரு பக்கம் ஊரப்பாக்கம், இரண்டுமே மூட்டை முடிச்சோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற தூரமில்லை. நிலையமும் சாலைக்கு மேலே ஆகாய நடைபாதையும் பிறகு கட்ட ஆரம்பித்தார்கள், நான் இந்த ஒரு மாதம் பயணம் செய்த 2025 நவம்பர் வரை அது பயணிகளுக்கு வரவில்லை. கோயம்பேட்டுக்கு 2002-ல் பஸ் நிலையம் வந்தது, மெட்ரோ 2015-ல் அதன் வாசலுக்கே வந்தது, அந்த இடைவெளியில் பதிமூன்று வருஷம். அதிலிருந்து கற்றுக்கொண்டு கிளாம்பாக்கத்தில் ரயில் நிலையத்தை முதலில் கட்டியிருந்தால், முதல் நாளிலிருந்தே ஜனங்கள் அதைக் கொண்டாடியிருப்பார்கள்.

தூண்கள் மேலே ஓடுகிற பறக்கும் ரயிலும் இதே மாதிரிதான். 2007-ல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டருக்கு நிலம் எடுப்பதில் சிக்கல், அதனால் மேலே தூண்கள் வரிசையாக வந்து அந்தரத்தில் நின்றன, பதினைந்து வருஷத்துக்கும் மேல். அந்தத் துண்டு சேர்ந்தால் புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் பரங்கிமலையில் கை கோக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கத்து ஜனங்களுக்கு அதைவிடப் பெரிய மாற்றம் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்பதைவிட அந்தக் கடைசி அரை கிலோமீட்டர் முக்கியம்.

சென்னை ஒன் செயலியைப் பற்றியும் கேட்பீர்கள். 2025 செப்டம்பர் 22-ல் தொடங்கினது, கும்டா என்று சொல்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் கொண்டுவந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட், ஒரே க்யூஆர். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முக்கியமாகச் சில்லறைச் சண்டை ஒழிந்தது. 5 ரூபாய் டிக்கெட்டுக்கு 100 ரூபாய் நீட்டி, கண்டக்டர் முறைத்து, "இறங்கும்போது வாங்கிக்கோ" என்று டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்து, இறங்குகிற அவசரத்தில் அதை மறந்த காலமெல்லாம் என் கல்லூரி நாட்களிலிருந்து பார்த்தாயிற்று. மெட்ரோவுக்கு வாங்கின சிங்கார சென்னை அட்டையையும் 2025 ஜனவரியிலிருந்து பஸ்ஸில் பயன்படுத்தலாம், போன் சார்ஜ் இல்லாத நாளில் அது கைகொடுக்கும்.

ஆனால் ஒரே டிக்கெட் வந்த மாதிரி ஒரே கட்டணம் வரவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அதனதன் காசைக் கூட்டித்தான் எடுக்கிறது. என் சித்தப்பா பையன் சிங்கப்பூரில் இருக்கிறான், அங்கே 2010-லிருந்து மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம், நடுவே பஸ் மாறி ரயில் ஏறினாலும் புதிதாக ஆரம்பக் கட்டணம் கிடையாது. டோ பாயோவில் 2002-லேயே பஸ் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், பேட்டைக்குள் சுற்றி வருகிற பஸ் அங்கேயே கிளம்புகிறது. நான் போய் நின்று பார்த்தபோது எனக்கு வந்த முதல் நினைப்பு, அம்மா இங்கே தனியாகவே போய் வருவாளே என்பதுதான். மாறுகிறவனுக்கு அபராதம் போடக் கூடாது, தள்ளுபடி கொடுக்க வேண்டும். அவன்தான் ஒரு காரைச் சாலையிலிருந்து எடுக்கிறவன்.

செயலியில் பஸ் எங்கே வருகிறது என்று பார்ப்பது பெரிய சாலைகளில் நன்றாக உதவுகிறது. எங்கள் உள்தெரு வண்டிக்கு நான் இன்னும் டீக்கடை அண்ணனைத்தான் நம்புகிறேன். போன் பார்க்கத் தெரியாத கீரை ஆயாவுக்கும் அவர்தான்.

தாழ்தள பஸ் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் விட்டார்கள், ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்தும். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடித்தான் தாழ்தள பஸ்கள் இந்த ஊருக்கு வந்தன என்பதை மறக்கக் கூடாது. அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் அழைத்துப் போனேன். வண்டி நடைபாதைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து இறங்கியது, அம்மா கம்பியைப் பிடித்தார், ஒரே எட்டு, உள்ளே போய்விட்டார். எப்போதும் நான் பின்னாலிருந்து தூக்கிவிட வேண்டும், கண்டக்டர் முன்னாலிருந்து கையைப் பிடிக்க வேண்டும், ஏறினதும் இரண்டு நிமிடம் மூச்சு வாங்குவார். அன்றைக்கு ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "இது நம்ம தெரு வரைக்கும் வருமா?" என்று கேட்டார். வராது. அவ்வளவு பெரிய வண்டி அங்கே திரும்பாது. ஆனால் தாழ்தளத்தில் ஒரு சின்ன வண்டி செய்ய முடியாதா என்ன? யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்கள் எல்லாரும் உள்தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ரயிலுக்கு ஐந்து, சிற்றுந்து ஊழியர்களுக்கு ஐந்து, சிற்றுந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதற்கு இரண்டு, ரயிலும் பஸ்ஸும் சேருகிற இடத்துக்கு ஒன்றரை, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பூஜ்யம். வீடு பார்க்கிறவர்களுக்கு: தாம்பரம் கிழக்குப் பக்கம் பிரதான சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், வேளச்சேரி சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. உள்ளே தள்ளிப் போகப் போக, வாடகையில் மிச்சமாகிறதைக் காத்திருப்பில் கொடுக்கத் தயாராக இருங்கள். ராத்திரி ஷிப்ட் உள்ள பெண்கள் வீட்டில் இருந்தால் கடைசி வண்டி எப்போது என்று அந்தத் தெருக்காரர்களிடம் நேரில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நான் டிசம்பரிலும் தொடர்கிறேன். கையில் தையல் பிரித்தாயிற்று, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனாலும் வாரத்தில் நான்கு நாள் ரயில்தான்.

அதற்குக் காரணம் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மழையால் ரயில் பல்லாவரத்தில் நின்றுவிட்டு தாமதமாக வந்தது. படிக்கட்டில் கூட்டம் நகரவே இல்லை, வண்டி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் இறங்கினேன். போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, டிரைவர் திரும்பிப் பார்க்கிறார், நம்ம கண்டக்டர் பின்படியில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தபடி கையைக் காட்டி உள்ளே சொல்கிறார், "அண்ணே, ரயில் இப்பதான் வந்துச்சு, ரெண்டு நிமிஷம் இருங்க." முப்பது பேர் ஓடி ஏறினோம். கடைசியாக வந்த கீரை ஆயாவின் காலிக் கூடையை வாங்கி எஞ்சின் மேடை மேல் வைத்துவிட்டு, "ஆயா, கம்பியைப் புடிச்சுக்கோ" என்று சொல்லி, விசில் ஊதினார்.